சொல்லாமல் வைத்த நல்ல நாள்கள்

கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் தான் சொன்ன சொல் பூங்கோதையின் காதில் விழுந்தது. ஏதோ இருப்பேனுங்க. அவ்வளவுதான் சொன்னாள். மருத்துவர் ரெஹானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சோர்ந்து கிடக்கிற நாள்களைப் பற்றி இவ்வளவு நேரம் சொன்னீர்கள், சரி, நன்றாக இருக்கிற நாள்களில் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டதும், பக்கத்து நாற்காலியில் இருந்த கணவன் நாச்சிமுத்து தொண்டையைச் செருமியதும், அந்தச் செருமலின் பொருள் உடனே விளங்கியதும், வாய் தானாகத் திறந்து வீட்டில் பழகிய விடையைச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டதும் ஒரே மூச்சில் நடந்து முடிந்துவிட்டன. மருத்துவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நீங்கள் கொஞ்சம் வெளியே உட்காருங்கள், சாரிடம் தனியாகப் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். இப்போது நாச்சிமுத்து உள்ளே, இவள் வெளியே. ஈரோட்டின் பெருஞ்சாலையை விட்டு ஒதுங்கிய தெருவில், படிக்கட்டின் கீழே செருப்பை விட்டுவிட்டு ஏறி வரவேண்டிய அந்த மனநல மருத்துவமனையின் நீண்ட நடையில், சுவரோரமாக வரிசையாய்ப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளுள் ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரும்பின் சில்லிப்பு சேலையைத் தாண்டி ஏறியது. அந்த ஏதோ என்னும் சொல்லுக்குள் எதையெல்லாம் மூடி வைத்தாள் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே இருக்கிற மனிதருக்கும் தெரியும். அவர் இப்போது மூடியைத் திறப்பாரா, இன்னும் இறுக்கி வைப்பாரா என்பதுதான் தெரியவில்லை. திறந்துவிடக் கூடாது என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. திறந்தால்தான் பிழைப்பாய் என்று அதற்கு அடியிலிருந்து இன்னொன்று மெல்லச் சொன்னது.

வெள்ளைச் சீருடைப் பெண் ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்து வந்தாள். ஃபினாயில் வாசனை. அதன் பின்னாலேயே, அழைக்காமல், சுண்ணாம்பின் வாசனை வந்தது; வாளியில் நீறு கொதித்து அடங்கும்போது எழுகிற, மூக்கைச் சுடுகிற வாசனை. வேண்டாம், அது இப்போது வேண்டாம். அவள் கால்களைத் தூக்கிக்கொண்டாள். அந்தப் பெண் நாற்காலியின் அடியைத் துடைத்துவிட்டுப் போனாள். நல்லதை வாயால் சொல்லக் கூடாது. கோபிச்செட்டிபாளையத்து வீட்டிற்கு மருமகளாய் வந்த முதல் வாரத்திலேயே அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. மாமியார் பாவாயம்மாள் கற்றுக்கொடுக்கவில்லை. அவ்வீட்டில் நடமாடினாலே அது உடம்பில் ஒட்டிக்கொள்ளும். எருமை இரண்டு வேளையும் நிறையக் கறந்தால், யாராவது வாசலில் நிழலாடியதும் பால் ஏனத்தின்மேல் முந்தானை விழும். நாச்சிமுத்துவின் உரக்கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்டால் ஏதோ ஓடுகிறது. மகள் சிந்துஜா பள்ளியிலேயே முதலாவதாக வந்த அன்று, பாவாயம்மாள் தெருவில் சொன்னது, ஏதோ பாசு பண்ணிட்டா என்பதுதான். அதிலும் நோயாளி தேறிவிட்டதைச் சொல்வது எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம். குணமாகிவிட்டது என்று சொன்ன வாய் மூடுவதற்குள் சீக்குத் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்ளுமாம். அதனால் பூங்கோதை படுக்கையைவிட்டு எழுந்து தலைக்குக் குளித்த நாள்களில் எல்லாம், ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. உப்பும் மிளகாயும் மட்டும் அவள் தலையைச் சுற்றி அடுப்பில் விழுந்து வெடித்தன. நெடி வரவில்லை என்றால் அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று பொருள். ஒரு தரமும் நெடி வந்ததில்லை.

பாவாயம்மாளைக் குறை சொல்ல நா கூசும். எழ முடியாத மாதங்களில் அவளைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, சிக்குப் பிடித்த தலையைக் கையாலேயே பிரித்து, அழுகிற குழந்தைக்கு ஊட்டுவதுபோல ரசஞ்சோற்றை ஊட்டியது அந்தக் கைதான். வேறு எந்த மாமியார் செய்வாள்? சொந்தத் தாய் இரண்டு நாள் வந்து இருந்துவிட்டு, எல்லாம் கொழுப்பு என்று சொல்லிப் போய்விட்டாள். கொழுப்பு. அதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெயர். அதன்பின் எத்தனை பெயர்கள். சிந்துஜா பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், விடிந்தும் விடியாத மாதிரி இருந்த அந்த முதல் சோர்வின்போது, உள்ளூர் மருத்துவர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் தின்று தின்று நாக்கு மரத்தது. அடுத்த தரம் தைராய்டு என்றார்கள். ஊசியில் எடுத்த ரத்தம் ஒரு குற்றமும் சொல்லாமல் திரும்பி வந்தது. மூன்றாவது, காற்றுக் கருப்பு. பவானி ஆற்றங்கரையில் ஒருவன் வேப்பிலையால் முகத்தில் அடித்தபோது வலிக்கக்கூட இல்லை, வலிக்கவில்லையே என்பதுதான் அச்சமாக இருந்தது. கர்ப்பப்பைக் கோளாறு என்றவர் ஒருவர். மாமியாரோடு சண்டையா என்று கேட்டவர் ஒருவர். கடைசியாகக் கோயம்புத்தூரில் ஒரு பெரியவர், மனச்சோர்வு என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் அழுதாள். துக்கத்தால் அல்ல, கடைசியில் ஒருவர் சரியான கதவைத் தட்டிவிட்டார் என்று. கதவு சரிதான். ஆனால் வீட்டில் இரண்டு அறைகள் இருந்தன. இன்னோர் அறை இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நல்ல நாள்களைப் பற்றி அவர் ஒரு தரம் கேட்கவும் செய்தார். நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

அந்தப் பெரியவர் எழுதிய மாத்திரை, குத்துவிளக்கின் திரியைத் தூண்டிவிட்டதுபோல வேலை செய்தது. சில வாரங்களிலேயே அவள் எழுந்தாள், குளித்தாள், சிரித்தாள். அதோடு நின்றிருக்கலாம். திரி நிற்கவில்லை. தூக்கம் தேவைப்படவில்லை; தூங்குவது மற்றவர்களுக்கு எதற்கு என்றே விளங்கவில்லை. எல்லாம் எவ்வளவு துலக்கமாய் இருந்தன! தென்னங்கீற்றின் ஒவ்வோர் இலையும் தனித்தனியே தெரிந்தது. எதிரே வருபவர் என்ன பேசப் போகிறார் என்பது அவர் வாய் திறக்கும் முன்பே தெரிந்தது. அந்த நோம்பிப் பண்டிகைக்குத் தெரு முழுவதற்கும் அவளே முறுக்குச் சுட்டாள். பாவாயம்மாளுக்குப் பத்து வருடமாகத் தைக்கப்படாமல் கிடந்த ரவிக்கைத் துணிகளை எல்லாம் உட்கார்ந்த இடத்தில் தைத்துத் தள்ளினாள். பிறகு சுண்ணாம்பு. ஆளை வைத்துச் செய்யலாம் என்று நாச்சிமுத்து சொன்னதைக் கேட்காமல், சாரம் கட்டி ஏறி, வீடு முழுவதையும் தானே வெள்ளையடித்தாள். அந்த வெள்ளை! வெயில் பட்டதும் கண்ணைக் கூச வைத்த அந்தச் சுவர், தன் கையால், ஒரே வீச்சில். வாழ்நாளில் தான் ஒரு பொருட்டாக இருந்தது அந்த வாரந்தான் என்று அவள் பல தரம் எண்ணியிருக்கிறாள். பாவாயம்மாள்கூடத் தன் வீட்டு விதியை மறந்து, எங்க மருமக மகாலச்சுமியாட்ட நடமாடறா என்று யாரிடமோ சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். குணமாகிவிட்டதே, இனி எதற்குக் கோயம்புத்தூர் என்று மாத்திரையை நிறுத்தினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பூசணிக்காய் காய்வதற்குள் அவள் விழுந்தாள். ஒவ்வோர் ஏற்றத்துக்குப் பின்னும் பள்ளம் முன்னைவிட ஆழம். கடைசிப் பள்ளத்தில், சென்ற தை மாதம், பின்கட்டுக் கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் அவள் உட்கார்ந்திருந்ததைப் பாவாயம்மாள் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்து, அவள் முந்தானையைத் தன் முந்தானையோடு முடிந்துகொண்டாள். முடிச்சு. அந்த முடிச்சு இன்றைக்கும் இறுகலாகவே இருக்கிறது. அடுத்த தரம் கிழவி தூங்கிக்கொண்டிருந்தால்?

அந்தக் கிணற்றைக் காட்டி அவளை இங்கே கூட்டிவந்தார்கள். பள்ளத்தைக் காட்ட அவர்களுக்குத் தயக்கமே இல்லை. சிகரத்தைத்தான் யாரும் காட்டவில்லை. சோர்வு நோய் என்றால் தாங்கிக்கொள்ளலாம். அது போகட்டும், யாருக்கு வேண்டும். ஆனால் அந்த வெள்ளைச் சுவரும் நோய்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், பிறகு பூங்கோதை என்று சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும்? படுக்கையில் கிடந்தவளும் நோய், சாரத்தில் நின்றவளும் நோய் என்றால், இவர்களுக்கு நடுவில் ஒருத்தி இருக்கவேண்டுமே, அவள் யார்? அவளுக்கு முகமே இல்லையே. அவளை யாரும் பார்த்ததில்லை. மாத்திரை தந்து சுவரைச் சாம்பல் நிறமாக்கிவிடுவார்கள். சொல்லாதீர்கள் மாமா. ஆனால் கிணறு. சொல்லுங்கள் மாமா. கதவுக்கு அப்பால் நாற்காலி ஒன்று நகர்ந்தது. பேச்சு கேட்கவில்லை.

அவளுக்கு எதிர் வரிசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிய முதியவர். மற்றவர் அவர் சாயலிலேயே கொஞ்சம் இளையவர், எதையும் பார்க்காமல் லேசாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். முதியவர் சாத்துக்குடி உரித்து, ஒரு சுளையைத் தம்பியின் கையில் வைத்து, அவர் தின்னுவதைப் பார்த்துவிட்டு அடுத்ததை வைத்தார். பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் தவித்தவர்போல இவளைப் பார்த்துத் தொடங்கினார்.

“ஏனுங்கம்மா, இங்க வந்து உக்காந்துட்டா ஆரு சீக்காளி, ஆரு கூட வந்தவுங்கன்னே தெரிய மாட்டேங்குது. போன தடவை நர்சம்மா ஊசியத் தூக்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்துட்டுது. இவன் வாயைத் தொறந்து நானுன்னு சொல்லோணுமில்ல? சிரிச்சுட்டு உக்காந்திருக்கறான்.”

தம்பி அதற்கும் சிரித்தார். பூங்கோதைக்கும் சிரிப்பு வந்தது. எதிர்பாராமல் வந்ததால் கண்ணும் நனைந்தது. நீங்கள் யாரோடு வந்தீர்கள் என்று முதியவர் கேட்டார். உள்ளே என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று சொன்னால் போதும், அவர் அதைத் தமக்கேற்றபடி புரிந்துகொள்வார், பொய்யும் ஆகாது. அந்த விடை நாக்கின் நுனிவரை வந்தது. பழகிய விடை. ஏதோ இருப்பேனுங்க என்பதன் தங்கை.

“நான் கூட வந்தவ இல்லீங்க. நான்தானுங்க சீக்காளி.”

சொல்லிவிட்டாள். தலையில் ஒன்றும் இடிந்து விழவில்லை. மின்விசிறி அதே முனகலோடு சுற்றியது. முதியவர் ஒரு சுளையை அவளிடமும் நீட்டினார்.

“அட, பாத்தா நல்லா இருக்கறாப்லதான இருக்கறீங்க.”

நல்லா இருக்கறாப்ல. சுளை வாயில் புளித்தது. இதே சொல்லைச் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டாள். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் சிந்துஜா, பொங்கலுக்கும் வரவில்லை, நோம்பிக்கும் வரவில்லை; பரீட்சை என்றாள், தோழி கல்யாணம் என்றாள். அம்மா இப்ப நல்லா இருக்கறா, வந்து பாரு கண்ணு என்று நாச்சிமுத்து அலைபேசியை இவளிடம் தந்தார். மறுமுனையில் சிந்துஜா சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு, அம்மா, நீ நல்லா இருக்கேன்னு அப்பா சொன்னாத்தான் எனக்குப் பயமா இருக்குது என்றாள். வைத்துவிட்டாள். நல்லா இருக்கே என்றால் பயம். படுத்திருந்தால் பயமில்லை. ஏன்? பூங்கோதைக்குத் தெரியாதா ஏன் என்று? தெரியும். தெரிந்ததைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டுதான் இருக்கிறாள், செக்குமாடு மாதிரி, நடுவில் இருப்பதைத் தொடாமல். வாய்க்கால் கரை. அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்த சிந்துஜா ஸ்கூட்டியின் பின்னால். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கரை விளிம்புவரை பழுப்பு நிறத்தில் புரண்டு போயிற்று. தண்ணீரோடு பந்தயம் விடலாமா சிந்து? விடலாம்மா. குழந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவள் இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருக்கிறாள். என் மகள் என்னோடு அப்படிச் சிரித்தாள் என்று. காற்று, வெயில், சிரிப்பு. கைகளை விட்டுவிட்டு ஓட்டினாள். கைகளை விட்டால்தான் பறக்க முடியும் என்று தெளிவாகத் தெரிந்தது. சிரிப்பு. இன்னும் வேகம். சிரிப்பு. இல்லை. எந்த இடத்தில் நின்றது? பாலத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அதன்பின் கேட்டது காற்று மட்டுந்தான். இடுப்பின் இரண்டு பக்கமும் குழந்தையின் நகங்கள் சதையில் இறங்கியிருந்தன. வீட்டுக்கு வந்து குளித்தபோது எரிந்தது. எதற்கு எரிகிறது என்று அப்போது அவள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு சிந்துஜா அவள் வண்டியில் ஏறியதில்லை. ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, அதற்குப் பின் வந்த மௌனத்தை எத்தனை வருடம் சுண்ணாம்பு பூசி மறைத்தாள்.

பூங்கோதை எழுந்தாள். முதியவர் ஏதோ கேட்டார். தலையை மட்டும் அசைத்தாள். கூப்பிடுகிறேன் என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார், கூப்பிடவில்லை. கூப்பிடாமல் ஒரு கதவைத் திறப்பது அவள் வளர்ந்த முறைக்கு ஒவ்வாதது. திறந்தாள். உள்ளே நாச்சிமுத்து, உரக்கடையில் கடன் கேட்டு வந்தவரிடம் பேசும் அதே பணிவான, பிடிகொடுக்காத குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கறப்ப ஒரு கொறையும் இல்லீங்க டாக்டர். ஏதோ, எல்லாரு ஊட்டுப் பொம்பளைகளாட்டந்தான்.”

அப்படியானால் அவர் திறக்கவில்லை. மூடியை இறுக்கிவிட்டார். ஒரு கணம், வேண்டிக்கொண்ட மனம் நிம்மதி கொண்டது. அந்த நிம்மதி எத்தகையது என்பதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்தபோது வந்ததும் இதே குளிர்ந்த நிம்மதிதான். அவள் கணவனின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கடையில் அவர் தினமும் செய்கிற ஒன்று, இதற்குமுன் ஒருபோதும் இப்படித் தோன்றாதது, அப்போது அவள் நினைவுக்கு வந்தது. மஞ்சள் பூத்த இலையை மட்டும் பறித்துக்கொண்டு வருகிற விவசாயியை அவர் சும்மா அனுப்பமாட்டார். செழித்து நிற்கிற இடத்திலிருந்தும் ஓர் இலை கொண்டுவரச் சொல்வார். கரும்பச்சையாய்க் கொழுத்து நிற்கும் பயிரைப் பார்த்துப் பூரிக்கிறவரைத்தான் அதிகம் கடிந்துகொள்வார். அது சாய்ந்துவிடும் என்பார்.

“கடைக்கு வர்றவுங்ககிட்ட பச்சை எலையையுங் கொண்டான்னு கேப்பீங்களே மாமா. என்னைய மட்டும் ஏனுங்க மஞ்ச எலையோடயே கூட்டிட்டு வந்தீங்க?”

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செரும வாயெடுத்தார், செருமவில்லை. மருத்துவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து சொல்லுங்கள் என்றார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல் திரும்பிப் போய்விடும்போல் இருந்தது. நல்லா இருக்கும்போது தூங்கமாட்டேன் என்றாள். தூக்கம் வரவில்லை என்பதல்ல, வேண்டியிருக்கவில்லை. தெரு முழுவதற்கும் முறுக்குச் சுட்டது, மனம் ஓடுகிற வேகத்துக்கு வாய் ஈடுகொடுக்காமல் பேசியது, எதிரே வருபவர் எல்லாம் தனக்காகவே வருவதாய் எண்ணியது, பிறகு வாய்க்கால் கரை, விட்ட கைகள், நகங்கள். அந்த மாத்திரை தின்ற பிறகுதான் எல்லாம் எச்சாச்சுங்க, கூடிப்போச்சுங்க என்றும் சொன்னாள். மருத்துவர் குறிப்பெழுதிக்கொண்டே கேட்டார். கடைசியில், மிக நிதானமாக, நீங்கள் இவ்வளவு காலமும் பாதி நோய்க்குத்தான் மருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள், அந்தப் பாதி மருந்துதான் மற்றப் பாதியைக் கிளப்பிவிட்டிருக்கிறது என்றார். ஏறுவதும் இறங்குவதும் ஒரே நோய்தான். இரண்டையும் ஒருசேரப் பிடிக்கிற மருந்து வேறு. ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் அளவு கட்டவேண்டும், பொறுமை வேண்டும், நன்றாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. அந்த நோய்க்கு ஒரு பெயரும் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டு இந்தத் தரம் அவளுக்கு அழுகை வரவில்லை. அளவெடுக்காமல் தைத்த ரவிக்கைகளையே இதுவரை போட்டுப் பழகியவளுக்கு, தோளில் சரியாக உட்கார்ந்த ஒன்றை மாட்டியதுபோல் இருந்தது. அதன் கனமும் தெரிந்தது. ஆனாலும் ஒன்றை மட்டும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஒன்றே ஒன்று.

“வெள்ளையடிச்சது மட்டும் நல்லாத்தான் இருந்துச்சுங்க டாக்டர். ஊடு பூரா நானே, ஒருத்தியா, ஒரே மூச்சுல. அவ்வளவு வெள்ளையா இருந்துச்சு.”

நாச்சிமுத்து தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டின் விதி ஒன்றை மீறும் மனிதருடைய குரலில், ஏறக்குறையக் காதில் விழாதபடி சொன்னார்.

“மூணு தரமுங்க.”

மருத்துவர் அவர் பக்கம் திரும்பினார்.

“மொதல்ல வெள்ளை. அடுத்த நாளே அது புடிக்கலீன்னு பச்சை வாங்கியாரச் சொன்னா. வாங்கியாந்தேன். பாதியடிச்சுட்டு மறுக்கா வெள்ளை. கையெல்லாம் சுண்ணாம்பு வெந்து தோலுரிஞ்சு போச்சுங்க. எறங்கு அம்மணின்னு நானும் எங்கம்மாவும் கீழ நின்னுக்கிட்டு அழுதோம். எறங்க மாட்டேனுட்டா.”

பூங்கோதை தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில், நிறம் வெளுத்துப் பளபளத்த தோல். பிறந்ததிலிருந்தே இருப்பதாக எண்ணியிருந்தாள். பச்சை நினைவில் இல்லை. கீழே நின்று அழுத இருவர் நினைவில் இல்லை. அந்த வெண்மை முழுவதற்கும் அடியில் ஒரு பச்சை இருந்திருக்கிறது. இத்தனை வருடமும் அதை இந்த மனிதர் தனியாகச் சுமந்துகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு இருந்திருக்கிறார். அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிராக உட்கார்ந்தாள்.

“எனக்கு நெனப்பில்லாததெல்லாஞ் சொல்லுங்க மாமா. நல்லா இருந்த நாளு ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”